எஸ் குறியீடு 0.14 வந்தால் மவுண்டர் சிறுமம் என்று சொல்லலாமா? (கால்சியம் எச், கே கோடுகள், கொரோனா சூடு)

வடமீன்:
பொதுத் தரவுக் காப்பகத்திலிருந்து எடுத்த ஜி, கே வகை (சூரியனை ஒத்த, அல்லது சற்றுக் குளிர்ந்த) விண்மீன் நிறமாலைகளில் கால்சியம் எஸ் குறியீடு (எச், கே கோடுகளின் உட்கரு ஒளியை அக்கம்பக்கத்து ஒளியோடு ஒப்பிட்டு, விண்மீனின் காந்தச் செயல்பாட்டைக் காட்டும் எண்) கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். தெளிதிறன் ஏறக்குறைய 1,00,000. இரண்டு கேள்விகள்.

ஒன்று: எண்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவிகின்றன. அமைதியான டௌ செட்டிக்குப் புத்தக மதிப்பைவிட நன்றாகக் கூடி வருகிறது, செயல்மிகுந்த எப்சிலான் எரிடானிக்கு நன்றாகக் குறைந்து வருகிறது. நிரலில் பிழை தேடிச் சலித்துவிட்டது.

இரண்டு: எஸ் மிகக் குறைவாக வரும் விண்மீனை, 1645 முதல் 1715 வரை மவுண்டர் சிறுமத்தில் சூரியன் இருந்ததுபோல் நெடிய அமைதிக்காலத்தில் இருப்பதாகச் சொல்லலாமா? அப்படி ஒரு விண்மீனுக்குக் கொரோனா (மிகச் சூடான வெளி வளிமண்டலம்) இருக்குமா, இருக்காதா?

---

கேகோடு:
இரண்டாவது கேள்விக்கு இப்போது போக வேண்டாம். முதல் கேள்வி தீராமல் அதைத் தொட்டால் வீண்.

உங்கள் நிறமாலையின் அலைநீளம் காற்றிலா, வெற்றிடத்திலா? ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பகுதியில் (ஹெட்டர்) அச்சு வகை பாருங்கள். 'ஏ டபிள்யூ ஏ வி' என்றிருந்தால் காற்று, 'டபிள்யூ ஏ வி ஈ' என்றிருந்தால் வெற்றிடம். கே கோட்டின் 3933.66, எச் கோட்டின் 3968.47 ஆங்ஸ்ட்ராம் இரண்டும் காற்று மதிப்புகள். வெற்றிடத்தில் கே 3934.78-க்குப் போய்விடும். வித்தியாசம் 1.1 ஆங்ஸ்ட்ராம். கோட்டை அளக்க நாம் வைக்கும் முக்கோண வடிவப் பட்டையின் அரை உயர அகலமே 1.09தான்.

பட்டை அந்த அளவு தள்ளிப்போனால் கோட்டின் உட்கருவை விட்டுவிட்டுச் சிறகை அளப்பீர்கள். அமைதியான விண்மீனில் சிறகு உட்கருவைவிடப் பிரகாசம், அதனால் எஸ் ஏறும். செயல்மிகுந்த விண்மீனில் உட்கருவில் உமிழ்வு எழும்பி நிற்கும். அதைத் தவறவிடுவதால் எஸ் இறங்கும். எல்லாம் நடுவில் வந்து குவியும். நீங்கள் சொல்லும் அறிகுறி அச்சு அசல் இதுதான்.

---

வடமீன்:
சார், வெற்றிடம்தான்! ஆனால் ஆரத்திசைவேகத் திருத்தம் போட்டேனே, அது இதைப் பிடித்திருக்க வேண்டாமா?

---

கேகோடு:
வேகத்தை எதிலிருந்து எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பட்டியலில் இருந்த வேகத்தை அப்படியே போட்டிருந்தால் பிடிக்காது. அதே நிறமாலையில் இரும்புக் கோடுகளை ஒரு காற்று அலைநீள மாதிரியோடு ஒப்பிட்டிருந்தால், விண்மீன் 85 கிமீ/வி வேகத்தில் விலகுவதுபோல் ஒரு எண் வந்து உங்களை எச்சரித்திருக்கும். சூரிய அண்டையில் இருக்கும், பால்வீதியின் மெல்லிய வட்டைச் சேர்ந்த விண்மீனுக்கு 85 என்பது சந்தேகப்பட வேண்டிய எண்.

முழு வரிசையையும் எழுதிவிடுகிறேன். பின்னால் தேடி வருகிறவர்களுக்கும் ஆகும்.

முதலில் நிறமாலையை விண்மீனின் ஓய்வுச் சட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், அதாவது வேகத்தால் வந்த அலைநீள நகர்வை நீக்குங்கள். பூமியின் சுற்றுகை மட்டுமே ±30 கிமீ/வி தரும். அது கே கோட்டில் 0.39 ஆங்ஸ்ட்ராம், அதாவது பட்டை அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வேகத்தைக் கால்சியம் கோட்டிலிருந்தே எடுக்காதீர்கள். அந்த உமிழ்வுக்கே சொந்த நகர்வும் சமச்சீரின்மையும் உண்டு. 4000-க்கு மேலுள்ள ஒளிமண்டல (கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பின்) இரும்புக் கோடுகள் போதும்.

அடுத்து நான்கு பட்டைகள். எச், கே இரண்டுக்கும் 1.09 அரை உயர அகலமுள்ள முக்கோணம், அடி அகலம் 2.18. ஒப்பீட்டுக்கு இரண்டு செவ்வகங்கள், ஒவ்வொன்றும் 20 ஆங்ஸ்ட்ராம் அகலம்: வி பட்டை 3901.07-இல் மையம், ஆர் பட்டை 4001.07-இல் மையம். பட்டை ஓரத்தில் வரும் பிக்சலைப் பின்னமாக எடுங்கள். முழுப் பிக்சலாகச் சேர்த்தால் வேகம் மாறும்போது எஸ் போலியாக ஆடும்.

ஒவ்வொரு பட்டையிலும் சராசரிப் பாயம் (ஒளியின் அளவு) எடுத்தால் எஸ் = 8 × 2.4 × (1.09/20) × (எச்+கே)/(ஆர்+வி). முன்னால் நிற்கும் எண் சுமார் 1.05. அந்த 8 எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்பார்கள். இந்தக் குறியீடு பிறந்த மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் ஒளிமானியில் சுழல்தட்டு எச், கே துளைகளை மற்றவற்றைவிட 8 மடங்கு நேரம் திறந்து வைத்தது, அவ்வளவுதான்.

நிறமாலையைத் தொடர்ச்சிக்கு (கோடில்லாத பின்னணி ஒளிக்கு) இயல்பாக்காதீர்கள். 3900–4000 பகுதியில் தொடர்ச்சி என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. கோடுகள் அடைத்துக்கொண்டு நிற்கும். மென்பொருள் வளைவு வரைகிறேன் என்று கே கோட்டின் சிறகையே தூக்கிவிடும். பிளேஸ் திருத்தம் (கருவியின் கீற்றணி ஏற்றும் ஒளி வளைவை நீக்குவது) மட்டும் போதும்.

அந்த மைய எண்களைக் கூட்டிப் பாருங்கள். வி, ஆர் மையங்களின் சராசரி 3951.07. எச், கே கோடுகளின் சராசரியும் 3951.07. இது தற்செயல் இல்லை. வளிமண்டலமோ கருவியோ நிறமாலையில் நேர்கோட்டுச் சரிவை ஏற்றினால் பெரும்பகுதி தானாகவே அடிபட்டுப் போகும் ஏற்பாடு. சரிவு வளைந்திருந்தால்தான் தொல்லை. நிறமாலையைப் பல வரிசைகளாகப் பிரிக்கும் எஷெல் கருவியில் நான்கு பட்டைகளும் வெவ்வேறு வரிசைகளில் விழும்போது அது நடக்கும்.

---

தட்டுக்காரர்:
கேகோடு சொன்னதோடு சிதறொளியையும் (கருவிக்குள் சிதறி விழும் ஒளி) சேர்த்துக்கொள்ளுங்கள். நீல ஓரத்தில் அதுதான் பெரிய திருடன்.

சூரியன் அளவுக்கு எஸ் 0.17 என்று வையுங்கள். அப்போது (எச்+கே)/(ஆர்+வி) விகிதம் 0.1625. பின்னணி கழித்தபின் ஒப்பீட்டுப் பட்டையின் பாயத்தில் 1% சிதறொளி எஞ்சிவிட்டது என்றால் விகிதம் 0.1725/1.01, அதாவது 0.1708 ஆகும். எஸ் 0.179. சூரியனின் எஸ் சிறுமத்தில் சுமார் 0.163, பெருமத்தில் சுமார் 0.178. ஆக 1% சிதறொளி, சூரியனின் செயல்பாட்டுச் சுழற்சியின் மொத்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. நிலா வெளிச்சமும் இதே வேலையைச் செய்யும். மங்கலான விண்மீனை முழுநிலவுக்கு அருகில் எடுத்த இரவுகளைத் தூக்கிப் போடுவதே மேல்.

கடைசிப் படி அளவுத்திருத்தம். அந்த 1.05 உங்கள் கருவியின் எண்ணை மவுண்ட் வில்சன் அளவுகோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும், சரியாக உட்கார வைக்காது. டௌ செட்டி 0.171, எச்டி 166620 0.190, எப்சிலான் எரிடானி 0.496, 61 சிக்னி ஏ 0.658 என்ற நெடுங்காலச் சராசரிகள் இருக்கின்றன. கீழேயும் மேலேயும் பரவலாக விண்மீன்களை எடுத்து நேர்கோடு பொருத்துங்கள். டௌ செட்டி தட்டையாக இருக்கும், அதனால் அதற்கு எடை அதிகம் கொடுக்கலாம். எப்சிலான் எரிடானி ஆடிக்கொண்டே இருப்பது. ஒரே ஓர் இரவின் மதிப்பை வைத்துப் பொருத்தினால் சரிவு கெடும்.

---

வடமீன்:
காற்றுக்கு மாற்றினேன். டௌ செட்டியும் எப்சிலான் எரிடானியும் இடத்துக்கு வந்துவிட்டன. நன்றி சார். இப்போது என் பட்டியலில் ஒன்றுக்கு எஸ் 0.14 வருகிறது. பி−வி (நிறக் குறியீடு) 0.65. மற்ற எல்லாம் 0.16-க்கு மேல்தான்.

---

கேகோடு:
எஸ் எண்ணை வைத்து இரண்டு விண்மீன்களை ஒப்பிடாதீர்கள். கே வகை விண்மீனில் ஆர், வி பட்டைகளே மங்கல், அதனால் அதே செயல்பாட்டுக்கு எஸ் பெரிதாக வரும். நிறத்துக்கும் ஒளிமண்டலப் பங்குக்கும் திருத்தி ஆர்-பிரைம் ஆக்க வேண்டும். ஒளிமண்டலத்துக்கு மேலுள்ள குரோமோஸ்பியரின் எச், கே உமிழ்வு, விண்மீனின் மொத்த ஒளியில் எவ்வளவு பங்கு என்பதே அது. 1984-இல் நாய்ஸும் கூட்டாளிகளும் தந்த சூத்திரம் இன்னும் ஓடுகிறது. பி−வி மதிப்பை 'பி' என்று எழுதுகிறேன். 'சி' நிறத் திருத்தம். இங்கே வரும் 'ஆர்' ஒப்பீட்டுப் பட்டை அல்ல.

லாக் சி = 1.13 பி³ − 3.91 பி² + 2.84 பி − 0.47
ஆர் = 1.340 × 10⁻⁴ × சி × எஸ்
லாக் ஆர்(ஒளிமண்டலம்) = −4.898 + 1.918 பி² − 2.893 பி³
ஆர்-பிரைம் = ஆர் − ஆர்(ஒளிமண்டலம்)

பி 0.63-க்குக் கீழே போனால் லாக் சி-க்கு ஒரு சிறு கூடுதல் திருத்தம் உண்டு, இங்கே வேண்டியதில்லை.

சூரியனைப் போட்டுச் சரிபாருங்கள். பி 0.653, எஸ் 0.169. சி = 1.076, ஆர் = 2.44 × 10⁻⁵, ஒளிமண்டலப் பங்கு 1.30 × 10⁻⁵. கழித்தால் 1.14 × 10⁻⁵, லாக் −4.94. இந்த எண் வரவில்லை என்றால் நிரலில் எங்கோ அடைப்புக்குறி தவறியிருக்கிறது.

கவனித்தீர்களா, அளந்ததில் பாதிக்கு மேல் ஒளிமண்டலத்தின் பங்கு. காந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமைதியான விண்மீனில் இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணை எடுக்கிறோம். எஸ்-இல் 5% பிழை சூரியனுக்கு ஆர்-பிரைமில் 11% பிழையாகும்.

உங்கள் விண்மீனுக்கு: சி 1.082, ஆர் 2.03 × 10⁻⁵, கழித்தால் 7.2 × 10⁻⁶, லாக் −5.14.

---

வடமீன்:
−5.1-க்குக் கீழே போனால் மவுண்டர் சிறும வேட்பாளர் என்று படித்த நினைவு. அப்படியானால் இது?

---

நுண்சுடர்:
அவசரப்படாதீர்கள். கேகோடு வந்து உடைப்பதற்குள் இரண்டாம் பாதிக் கேள்விக்கு, கொரோனாவுக்கு, நான் வருகிறேன். ஆர்-பிரைம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

சூரிய மேற்பரப்பிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு 6.3 கோடி வாட் வெளியேறுகிறது. அதில் 1.14 × 10⁻⁵ என்றால் ஏறக்குறைய 720 வாட். எச், கே கோடுகள் வழியாகக் குரோமோஸ்பியர் இழப்பது இவ்வளவு. மெக்னீசியம், ஹைட்ரஜன், இரும்பு எல்லாம் சேர்த்தால் அமைதிச் சூரியனில் குரோமோஸ்பியரின் மொத்த இழப்பு சுமார் 4,000 வாட். கொரோனாவுக்கு வேண்டியது வெறும் 300 வாட். செயல்மண்டலத்தின் (காந்தப்புலம் வலுவான பகுதி) மேலே என்றால் 10,000 வாட்.

ஆக பத்து லட்சம் கெல்வின் என்று வாயைப் பிளக்க வைக்கும் கொரோனா, ஆற்றல் கணக்கில் மிக மலிவு. மொத்தத்தில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு. அதைவிடக் குளிர்ந்த குரோமோஸ்பியருக்குப் பத்து மடங்குக்கு மேல் செலவாகிறது. 'கொரோனா ஏன் சூடு' என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் பெரிய செலவுக் கணக்கைத் திறந்தே பார்ப்பதில்லை.

---

புதியவன்_7:
அடிப்படைக் கேள்வி, மன்னிக்கவும். 5,772 கெல்வின் மேற்பரப்பு எப்படிப் பத்து லட்சத்தைச் சூடாக்கும்? வெப்பம் குளிர்ந்ததிலிருந்து சூடானதுக்குப் போகாதே.

---

நுண்சுடர்:
வெப்பமாகப் போவதில்லை தம்பி. கைகளைத் தேய்த்தால் தோலைவிடச் சூடாவதுபோல், போவது வேலை. ஒளிமண்டலத்தில் வெப்பச்சலனம் காந்தப்புலக் கோடுகளின் அடியைப் பிடித்து ஆட்டுகிறது. அந்த ஆற்றல் புலம் வழியாக மேலே ஏறி அங்கே சிதைகிறது. இரண்டாம் விதி எங்கும் மீறப்படவில்லை.

வெப்பநிலை ஏன் அவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது தனி விஷயம். கதிர்வீச்சு இழப்பு அடர்த்தியின் இருபடிக்கு ஏற்ப மாறும். மேற்பரப்பிலிருந்து 500 கிமீ உயரத்தில் சுமார் 4,400 கெல்வின் என்ற சிறுமம். அதற்கு மேல் 2,000 கிமீ வரை, ஹைட்ரஜன் அயனியாகி எலெக்ட்ரான் கொடுத்துக்கொண்டே இருப்பதால் இழப்பு ஈடுகொடுக்கிறது, வெப்பநிலை 6,000–10,000-இல் நிற்கிறது. ஹைட்ரஜன் தீர்ந்ததும் அந்தப் பிடி விடுபடுகிறது. அடர்த்தி விழ விழ வாயுவால் வாங்கிய ஆற்றலை வீச முடியவில்லை. ஒரு நூறு கிமீ தடிமனுக்குள் வெப்பநிலை தாவி, மில்லியனில் போய்த்தான் நிற்கும். அங்கே எலெக்ட்ரான் வெப்பக்கடத்தல் வெப்பநிலையின் 5/2 அடுக்கில் எகிறி, மிச்சத்தைக் கீழே அனுப்பிவிடுகிறது. சூடாக்கலைப் பத்து மடங்கு கூட்டினாலும் கொரோனா வெப்பநிலை இரண்டு மடங்குகூட ஏறாது. அடர்த்திதான் கூடும்.

கொரோனா வளையத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: உச்ச வெப்பநிலை = 1,400 × (அழுத்தம் × அரை நீளம்) என்பதன் முப்படிமூலம், சிஜிஎஸ் அலகில். அழுத்தம் 1 டைன்/செமீ², அரை நீளம் 30,000 கிமீ போட்டால் 20 லட்சம் கெல்வின். 1978-இலிருந்து இது மேசை ஓரத்தில் ஒட்டி வைக்கும் சூத்திரம்.

---

அலைவாசி:
நுண்சுடர் 'சிதைகிறது' என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டார். சண்டையே அங்கேதானே!

1946-இல் பியர்மனும் 1948-இல் ஷ்வார்ஷ்சில்டும் ஒலி அலை என்றார்கள். 1970-களின் இறுதியில் ஓஎஸ்ஓ-8 செயற்கைக்கோள் அளவீட்டில் கொரோனாவுக்கு எட்டும் ஒலி அலை போதவே போதாது என்று தெரிந்தது. மிஞ்சியது ஆல்வேன் அலை, அதாவது காந்தப்புலக் கோடு கம்பிபோல் அதிர்வது. கணக்குப் போடுங்கள்: அடர்த்தி கன செமீக்கு 5 × 10⁸ துகள், அலைவீச்சு வேகம் 20 கிமீ/வி, ஆல்வேன் வேகம் 1,000 கிமீ/வி. பாயம் = நிறையடர்த்தி × வேக இருபடி × ஆல்வேன் வேகம். சதுர மீட்டருக்கு 330 வாட். அமைதிக் கொரோனாவுக்கு வேண்டிய 300 அப்படியே வருகிறது. 2007-இல் ஹினோடே, 2011-இல் எஸ்டிஓ, இரண்டு சூரியச் செயற்கைக்கோள்களும் அந்த வீச்சு அசைவுகளைப் படமாகவே பிடித்தன.

---

நுண்சுடர்:
செயல்மண்டலத்துக்கு 10,000 வாட் வேண்டும். அங்கே உங்கள் அலை எங்கே? எஸ்டிஓ அளவீட்டிலேயே செயல்மண்டலத்துக்கு அது போதவில்லை.

இயற்பியலாளர் பார்க்கரின் கணக்கைப் போடுகிறேன். புலம் 100 காஸ், அடி நகரும் வேகம் 0.5 கிமீ/வி, பின்னலால் புலக்கோடு செங்குத்திலிருந்து சாய்வது 14 பாகை, அதாவது டேன்ஜென்ட் 0.25. பாயின்டிங் பாயம் (புலம் வழியாக மேலேறும் ஆற்றல்) = புல இருபடி × வேகம் × 0.25 / 4π. சதுர செமீக்கு வினாடிக்கு 10⁷ எர்க், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10,000 வாட். சாய்வு அதைத் தாண்டினால் மெல்லிய மின்னோட்டத் தாள்களில் புலக்கோடுகள் அறுந்து மறுஇணைப்பு நடந்து ஒவ்வொன்றும் 10²⁴ எர்க் அளவில் வெடிக்கும். அதுதான் 1988-இல் அவர் பெயரிட்ட நானோஃப்ளேர்.

---

அலைவாசி:
எண்ணிக்கைப் பிரச்சினை தீர்ந்ததா? சிறுவெடிப்புகளின் ஆற்றல் பரவலின் அடுக்கெண் 2-ஐத் தாண்டினால்தான் சிறியவை மொத்தத்தைச் சுமக்கும். 1991-இலேயே ஹட்சன் இதைச் சொல்லிவிட்டார். வெளிவந்த அளவீடுகள் 2-க்குக் கீழேயும் மேலேயும் சிதறிக் கிடக்கின்றன. எந்த அலைநீளம், எதை ஒரு நிகழ்வு என்று எண்ணுகிறோம், பின்னணியை எப்படிக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆடுகிறது. 2020-இல் சோலார் ஆர்பிட்டர் விண்கலம் காட்டிய குட்டி நெருப்புகளை எண்ணினாலும் இதே சிக்கல்தான். தவிர, தனித்தனியாகத் தெரிகிறவற்றைத்தான் எண்ண முடிகிறது. தெரியாத அளவுக்குச் சிறியவையே வேலை செய்கின்றன என்றால் எண்ணியே தீர்க்க முடியாது.

---

கேகோடு:
இருவரும் ஒரே அடி அசைவின் இரண்டு வேகங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். வளையத்தின் ஆல்வேன் கடப்பு நேரத்தைவிட வேகமாக ஆட்டினால் அலை, மெதுவாக நகர்த்தினால் பின்னல். கிரானுலேஷன் (மேற்பரப்பின் வெப்பச்சலனக் கொதிப்பு) இரண்டையும் செய்கிறது. வடமீனின் விண்மீனுக்கு இது முக்கியமே இல்லை. ஒலி அலைக் கதைதான் முக்கியம்.

ஏனென்றால் ஒலி அலை கொரோனாவுக்குப் போதாவிட்டாலும் தாழ்குரோமோஸ்பியருக்கு ஓரளவு போதும். காந்தமே இல்லாத விண்மீனிலும் வெப்பச்சலனம் இரைச்சல் போடும், அது அதிர்ச்சி அலையாகி எச், கே உட்கருவைச் சற்று நிரப்பும். 1987-இல் ஷ்ரைவர் அடிப்படைப் பாயம் என்று பிரித்துக் காட்டியது ஏறத்தாழ இதைத்தான். ஆகவே அளந்த எஸ்-இல் மூன்று அடுக்கு: ஒளிமண்டலம், அடிப்படை, காந்தம். நாய்ஸ் சூத்திரம் முதல் அடுக்கை மட்டுமே கழிக்கிறது. மவுண்டர் சிறுமம் மூன்றாவது அடுக்கு. −5.14 என்ற எண்ணில் அது எவ்வளவு என்று அந்த எண்ணைப் பார்த்தே சொல்ல முடியாது.

---

தட்டுக்காரர்:
கொரோனாவில் இது இன்னும் பட்டவர்த்தனம். செயல்பாட்டுச் சுழற்சியின் ஊடே சூரியனின் எஸ் பத்து சதவீத அளவில்தான் ஆடுகிறது. மென் எக்ஸ்கதிர் பத்து மடங்கு அளவில் ஆடுகிறது. கொரோனாவில் கழிக்க வேண்டிய ஒளிமண்டலப் பங்கே இல்லை அல்லவா. 61 சிக்னி ஏ விண்மீனின் 7.3 ஆண்டுச் சுழற்சியை எக்ஸ்எம்எம்-நியூட்டன் எக்ஸ்கதிரிலும் பார்த்தது, கால்சியத்தோடு கைகோத்து ஏறி இறங்குகிறது.

மேல் எல்லையும் உண்டு. வேகமாகச் சுழலும் இளம் விண்மீனில் எக்ஸ்கதிர் ஒளிர்வு மொத்த ஒளிர்வில் ஆயிரத்தில் ஒன்றுக்குப் போய் நின்றுவிடும். தன்சுழற்சிக் காலத்தை (விண்மீன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரம்) வெப்பச்சலனச் சுழல்நேரத்தால் வகுத்த ராஸ்பி எண் சுமார் 0.13-க்குக் கீழே போனால் அந்த நிலை. சூரியன் அதிலிருந்து ஆயிரம் மடங்குக்கு மேல் கீழே.

இன்னொன்று. 'சூரியனுக்கே பழைய எஸ் எப்படித் தெரியும்' என்ற கேள்வி எப்படியும் வரும். ஒலின் வில்சன் மவுண்ட் வில்சனில் இந்த அளவீட்டைத் தொடங்கியது 1966. அதற்கு முன்னால் போகக் கொடைக்கானல் வானாய்வகத்தின் கே கோட்டுப் புகைப்படத் தட்டுகள்தான் கைகொடுக்கின்றன, 1904 முதல் 2007 வரை. தட்டை எண்ணாக்கி, ஓர இருட்டை நீக்கி, பிளாஜ் (கே கோட்டில் பிரகாசமாகத் தெரியும் காந்தப் பகுதி) பரப்பை எடுத்து, பிந்தைய நேரடி அளவீடுகளோடு பொருத்துவது வழி. கறுப்பு அளவை ஒளிச்செறிவாக மாற்றும் இடத்தில்தான் பிழை புகும். தட்டுக்குத் தட்டு இரசாயனம் வேறு, அன்றைய வானம் வேறு. அதனால் செறிவின் தனிமதிப்பை நம்பாமல், தட்டின் அமைதிப் பகுதியோடு ஒப்பிட்ட வேறுபாட்டை மட்டும் எடுப்பது பாதுகாப்பு.

---

புதியவன்_7:
கொடைக்கானல் என்றதும் வில்சன்–பாப்பு விளைவு நினைவுக்கு வருகிறது. கே கோட்டின் அகலத்தை அளந்தால் செயல்பாடு தெரியுமா?

---

கேகோடு:
தெரியாது. 1957-இல் அவர்கள் காட்டியதன் அழகே அதுதான். உமிழ்வு எவ்வளவு பலமாக இருந்தாலும் அதன் அகலம் கிட்டத்தட்ட மாறாது, விண்மீனின் தனி ஒளிர்வோடு மட்டுமே போகும். ராட்சத விண்மீனில் அகலம், குள்ள விண்மீனில் குறுகல். பலம் காந்தத்தைச் சொல்லும், அகலம் ஈர்ப்பைச் சொல்லும்.

இதில் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. தனி ஒளிப்பொலிவு எண் 0 உள்ள கே ராட்சதத்தில் உமிழ்வு அகலம் 1 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு, அதாவது 76 கிமீ/வி அளவுக்கு வந்துவிடும். 1.09 முக்கோணம் அதன் இரு கொம்புகளையும் வெட்டிவிடும். ராட்சதத்துக்கும் குள்ளத்துக்கும் ஒரே எஸ் சூத்திரம் போடாதீர்கள்.

வடமீன், உங்கள் விண்மீனின் தோற்ற ஒளிப்பொலிவு, இடமாறு தோற்றப்பிழை இரண்டையும் போடுங்கள்.

---

வடமீன்:
வி 6.8. கையா செயற்கைக்கோள் தரும் இடமாறு 20 மில்லிவிகலை.

---

கேகோடு:
தனி ஒளிப்பொலிவு = 6.8 + 5 + 5 × லாக் 0.020 = 3.3. பி−வி 0.65 உள்ள முதன்மைவரிசை விண்மீனுக்கு 4.8 இருக்க வேண்டும். எண் குறைந்தால் பிரகாசம் கூடும், ஆக உங்களுடையது 1.5 அளவு பிரகாசம் கூடுதல். துணைராட்சதம், அதாவது முதுமையில் விரியத் தொடங்கியது. நாய்ஸ் சூத்திரம் குள்ளங்களுக்கு, அதாவது முதன்மைவரிசை விண்மீன்களுக்கு, அளவெடுத்துத் தைத்தது, இதற்குப் பொருந்தாது. −5.14-க்கு அர்த்தமே இல்லை.

2004-இல் ஜேசன் ரைட் செய்ததும் இதே சோதனைதான். ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் தந்த தூரங்களை வைத்து, மவுண்டர் சிறும வேட்பாளர் என்று பட்டியலிட்டிருந்தவற்றைச் சரிபார்த்தார். மிகப் பெரும்பாலானவை முதன்மைவரிசையை விட்டு எழும்பிவிட்ட முதிய விண்மீன்கள். விரிந்து, மெதுவாகச் சுழன்று, ஓய்ந்தவை. தற்காலிக அமைதி இல்லை, முதுமை. உலோகச் செறிவும் குழப்பும்: செறிவு கூடினால் கோடு ஆழமாகும், எஸ் தானாக இறங்கும்.

அடுத்த முறை எஸ் கணக்கிடும் முன்பே நிற-ஒளிப்பொலிவு வரைபடத்தில் இட்டு, முதன்மைவரிசைக்கு மேல் 1 அளவு எழும்பியதை எல்லாம் ஒதுக்கிவிடுங்கள்.

---

வடமீன்:
அப்படியானால் உண்மையான மவுண்டர் சிறும விண்மீன் ஒன்றுகூட இல்லையா? டௌ செட்டி தட்டையாக இருக்கிறதே? ஆர்-பிரைமிலிருந்து வயது எடுத்தாவது முதியதா, தூங்குகிறதா என்று பிரிக்கலாமா?

---

தட்டுக்காரர்:
வயதை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் வட்டத்தில் சுற்றுவீர்கள். 1972-இல் ஸ்குமானிச் தந்த விதி, தன்சுழற்சி வேகமும் கால்சிய உமிழ்வும் வயதின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். தூங்கும் விண்மீனை அதில் போட்டால் முதியது என்றே சொல்லும். தன்சுழற்சிக் காலத்தைத் தனியாக அளக்க வேண்டும். நாய்ஸ் உறவில் சூரியனின் −4.94 போட்டால் ராஸ்பி எண் 2.0, வெப்பச்சலனச் சுழல்நேரம் 12.2 நாள், ஆகத் தன்சுழற்சிக் காலம் 24 நாள் வருகிறது. உண்மையில் 25-க்குச் சற்று மேல். இந்த அளவுக்குத்தான் அதை நம்பலாம், அதுவும் ஒற்றை இரவு மதிப்பை வைத்து அல்ல, பல ஆண்டுச் சராசரியை வைத்து.

டௌ செட்டியைத் துருவத்தின் பக்கமிருந்து பார்க்கிறோம் போலிருக்கிறது. அதன் தட்டைத்தன்மையை எடுத்துக்காட்டாக நிறுத்த நான் தயங்குவேன்.

---

கேகோடு:
ஒன்று இருக்கிறது. உங்கள் அளவுத்திருத்தப் பட்டியலிலேயே, எச்டி 166620. கே2 குள்ளம், தன்சுழற்சிக் காலம் 40 நாள் அளவில். மவுண்ட் வில்சன் தரவில் ஏறத்தாழ 16–17 ஆண்டுச் செயல்பாட்டுச் சுழற்சி அழகாகத் தெரிந்தது. பிறகு கெக் தொலைநோக்கியின் 2004-க்குப் பிந்தைய தரவில் தட்டைக் கோடு. ஓடிக்கொண்டிருந்த செயல்பாட்டுச் சுழற்சி நின்றதைப் பார்த்திருக்கிறோம், அதனால்தான் இதற்கு மதிப்பு. 2022-இல் வெளிவந்தது. முதன்மைவரிசையிலேயே இருக்கிறது, துணைராட்சதம் என்று தள்ள முடியாது.

தொல்லை எங்கே என்றால், மவுண்ட் வில்சன் திட்டம் 2003-இல் நின்றது, கெக் கருவியின் புதிய உணரி 2004-இல் வந்தது. மாற்றம் நிகழ்ந்த இடமும் கருவி மாறிய இடமும் ஒன்றின்மேல் ஒன்று. அதனால் இரண்டு தொடர்களுக்கும் பொதுவான பல விண்மீன்களை வைத்து அளவுகோல் நகரவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது.

---

வடமீன்:
அப்படியானால் அளவுத்திருத்தத்துக்கு எச்டி 166620-க்கு 0.190 போட்டது?

---

தட்டுக்காரர்:
அது செயல்பாட்டுச் சுழற்சி ஓடிய காலத்துச் சராசரி. உங்கள் நிறமாலை 2004-க்குப் பிந்தையது என்றால் அதைப் பொருத்தத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கீழ் முனைக்கு டௌ செட்டி இருக்கிறது. கூடவே 0.16–0.20 இடையில் மாறாத ஜி குள்ளங்கள் நான்கைந்து சேர்த்து மறுபடி நேர்கோடு போடுங்கள். சரிவு 3%-க்கு மேல் மாறினால் புதிய பொருத்தத்தை வைத்து எல்லா விண்மீனையும் திரும்பக் கணக்கிட வேண்டும்.